பதினெட்டாம் பக்கத்தின் கடைசிக் கட்டம்

முதல் சொட்டு விழுந்ததும் கண் எரிந்தது. எரியும் என்று சொல்லிவிட்டுத்தான் சிஸ்டர் ஊற்றினார், ஆகவே எனக்குப் புகார் இல்லை. "கண்ண மூடியே வச்சிருங்கய்யா. நான் வந்து வந்து ஊத்துவேன். கண்ணு பாப்பா நல்லா விரிஞ்ச பிறகுதான் உள்ள கூப்பிடுவாங்க" என்று சொல்லி, என் வலது புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று உள்ளே இருப்பவர்களுக்கு அடையாளமாம். நல்ல ஏற்பாடு. சாகச வீரன் என்று வந்துவிட்டால் ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும், ஒருவனுக்கு முகமூடி, ஒருவனுக்கு மேலங்கி, கோவில்பட்டி வெயிலுமுத்துவுக்குப் பிளாஸ்திரி. அங்கியும் மாட்டிவிட்டிருக்கிறார்கள், பச்சை நிறம், முதுகுப் பக்கம் நாடா, தலைக்கு அதே துணியில் ஒரு குல்லாய். கோமு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்காமலே தெரியும், அவள் மடியில் இருக்கும் வயர்கூடை அவள் அசையும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. "பயமா இருக்கா?" என்று கேட்டாள். "எனக்கா?" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, என்னுடைய "எனக்கா"வுக்குப் பிறகு பேச்சு நகராது என்று தெரியும்.

உண்மையிலேயே பயம் இல்லை. கண்புரை எடுப்பது இந்தக் காலத்தில் ஒரு வேலையா? என் பட்டறைக்கு மோட்டார் காயில் கட்டக் கொண்டுவருகிற விவசாயிகளில் பாதிப் பேர் எடுத்துக்கொண்டவர்கள்தான். காலையில் போய் மத்தியானம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கிறார்கள், அதுவரை கண்ணில் படாத தூசியெல்லாம் பட்டு என் பட்டறையைக் குப்பைமேடு என்கிறார்கள். என்ன ஒன்று, அவர்களுக்கெல்லாம் காவலுக்கு இன்னொரு கண் இருந்தது. எனக்கு இருப்பது இது ஒன்றுதான். இடது கண் ஏழாம் வகுப்புத் தீபாவளியோடு போய்விட்டது. வெடிக்காத வெடியை நான் குனிந்து பார்த்தேன், அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதனால்தான் டாக்டரம்மா முதல் நாளே, "இருக்கது ஒரே கண்ணு, நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குச் சரியா வராமலும் போகும், சொல்ல வேண்டியது எங்க கடமை, யோசிச்சு வாங்க" என்றார். யோசித்தேன். இரண்டு வருஷம் யோசித்தேன். பயந்து இல்லை, பட்டறையில் வேலை இருந்தது, ஐப்பசி மழை, தைப் பொங்கல், கோடையில் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒரே நேரத்தில் புகைந்துவிடும், ஆடி மாதத்தில் நல்ல காரியம் செய்யக் கூடாது என்று நானே கண்டுபிடித்தேன். நான் யோசிக்க யோசிக்கக் கண்ணுக்குள் புகை ஏறிக்கொண்டே இருந்தது. வேலைக்குக் குறைவில்லை, தாமிரக் கம்பியைக் கை பார்த்துக்கொள்ளும். போனது வேறு. முதலில் காமிக்ஸில் இருக்கிற பொடி எழுத்து போயிற்று, பிறகு பெரிய எழுத்து. கடைசியில் பலூன்கள் மட்டும் மிஞ்சின. ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள், தலைக்கு மேலே வெள்ளையாகப் பலூன், உள்ளே பேச்சு இல்லை. அதைப் பார்த்த அன்றுதான் கோமுவிடம், சரி, தேதி வாங்கு என்றேன்.

இரண்டு கண்ணால் நான் ஒரு காமிக்ஸ்கூடப் படித்ததில்லை. அது எத்தனை பேருக்குத் தெரியும்? வெடிக்குப் பிறகு மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் சிவகாசியில் அச்சாபீஸில் வேலை பார்த்த தாய்மாமா ஒரு கட்டு கொண்டுவந்து தலையணைக்குக் கீழே சொருகினார். எல்லாம் கழிவுப் பிரதிகள், சிவப்பு மை நகர்ந்து விழுந்து நாயகனின் உதடு காதோரம் ஒட்டியிருக்கும். படிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போர்வைக்குள் போய்ப் படித்தேன். பாதரசன் எனக்கு அங்கேதான் அறிமுகம். வெப்பமானித் தொழிற்சாலை விபத்தில் உடம்பு முழுக்கப் பாதரசமாகிப்போன ஒரு மனிதன், வேண்டும்போது ஆள், வேண்டாதபோது குளம். சாவித்துவாரம் வழியாக வழிந்து உள்ளே போய் அந்தப் பக்கம் மனிதனாக எழுந்து நிற்பான். எந்த நாட்டுக் கதையை யார் தமிழாக்கினார்கள் என்று அட்டையில் போட்டதே இல்லை, என்னைக் கேட்டால் அவன் சிவகாசிக்காரன். மற்றவர்களுக்கு உலகத்தில் ஆழம் என்று ஒன்று தெரிகிறதாம், எது முன்னால் எது பின்னால் என்று பார்த்த உடனே புரிகிறதாம். ஒற்றைக் கண்ணனுக்கு எல்லாம் ஒரே தாளில் வரைந்த மாதிரிதான். பள்ளிக்கூடத்தில் பந்தைப் பிடிக்கப் போய் மூக்கில் வாங்குவேன், காமிக்ஸில் எனக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அங்கே எல்லோரும் என்னை மாதிரிதான் பார்க்க வேண்டும்.

அப்படி ஆரம்பித்தது ஒரு பீரோவாயிற்று. புடவை வைக்க வேண்டிய பீரோ, கல்யாணமான மாதமே கோமுவின் புடவைகள் டிரங்குப் பெட்டிக்குப் போய்விட்டன. தட்டுக்குத் தட்டு அந்துருண்டை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் நிழலில் காயவைத்து, காயும்போதே ஒவ்வொன்றாகப் படித்து, கடைசிப் புத்தகத்தை உள்ளே வைக்கும்போது முதல் புத்தகம் மறுபடி கூப்பிடும். "அதான் படிச்சாச்சே, அதுல புதுசா என்ன வந்துரப் போகுது?" என்பாள் கோமு. சாம்பாரை நேற்றும்தானே சாப்பிட்டோம் என்பேன். நம் வீட்டில் சட்டம் இரண்டே இரண்டு. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது. மூலையை மடிக்கக் கூடாது. மடித்த கோடு போகவே போகாது, ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்தாலும் வெளிச்சத்தில் தெரியும். கோமுவின் தம்பி ஒரு தடவை சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று பாதிக் கதையில் மூலையை மடித்துவிட்டு எழுந்துபோனான், அவன் வீட்டுக் காதுகுத்து வரைக்கும் நான் அவனோடு பேசவில்லை. காதுகுத்திலும் இவள் கிள்ளியதால்தான் பேசினேன். அப்புறம் பைண்டிங். பாதரசன் வரிசை முழுவதையும் ஐந்து வால்யூமாகச் சேர்த்து பைண்டர் தங்கமாரியிடம் கொடுத்துச் சிவப்பு ரெக்ஸினில் கட்டி முதுகில் தங்க எழுத்துப் போட்டேன். இப்போது வந்திருக்கிற சேகரிப்பாளர்கள், புத்தகக் கண்காட்சியில் கூடி நின்று டீ குடிக்கிற கோஷ்டி, பைண்ட் செய்வது கொலைக்குச் சமம், தனிப் பிரதிக்குத்தான் மதிப்பு என்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை ஒட்டி அலமாரியில் நிறுத்திவிடுகிறார்கள். திறந்தால் காற்றுப் படுமாம். காமிக்ஸை மம்மியாக்கி வைத்தவர்கள் வந்து பைண்டிங்கைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது சொட்டு. இது அவ்வளவாக எரியவில்லை. "கண்ணத் துடைக்காதீங்கய்யா, கன்னத்துல வழியிறத மட்டும் தொடைங்க." சரியம்மா. எனக்கு இந்தக் கண் போனால்கூடப் பெரிய மோசம் இல்லை என்று ஒரு தைரியம் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் மனப்பாடம். பாதரசன் வரிசையில் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் கட்டம் கட்டமாகச் சொல்லுவேன், கண்காட்சி கோஷ்டியில் பந்தயம் வைத்தே சொல்லியிருக்கிறேன். நூற்றில் ஒன்று இரண்டு என்பது நானாக இருந்தால், இருக்கட்டுமே, உள்ளே உட்கார்ந்து படித்துக்கொள்வேன், அந்துருண்டையும் வேண்டாம் இஸ்திரியும் வேண்டாம். வேண்டுமானால் இப்போதே பார்ப்போம். "பூஜ்யத்தின் கைதி." அட்டையில் வில்லன் பனிமண்டையன், கையில் உறைகுழாய், பின்னால் பனிமலை. ஒன்றாம் பக்கம், நகரத்தின் தண்ணீர்த் தொட்டி உறைந்து வெடிக்கிறது, மேலே சின்னப் பெட்டிக்குள் "ஒரு கோடைக் காலைப் பொழுது..." இரண்டில் மேயர் வியர்வையைத் துடைக்கிறார், மூன்றில் "இதற்கிடையே..." என்று ஒரு பெட்டி. இந்த இதற்கிடையே எனக்கு மிகவும் பிடிக்கும். உலகத்தில் நாம் பார்க்காத இடத்தில் எப்போதும் ஒரு இதற்கிடையே நடந்துகொண்டிருக்கிறது. ஏழில் பாதரசன் மலையேறுகிறான். பதினொன்றில் இரும்புக் கதவு. பதினான்கில் சாவித்துவாரம் வழியாக வழிகிறான். பதினேழில் பொறி, உறைகுழாய் சீறுகிறது, இடுப்புக்கு மேலே மனிதனாக எழுந்தவன் இடுப்புக்குக் கீழே இன்னும் குளமாக இருக்கும்போதே அப்படியே உறைந்துபோகிறான். தண்ணீராக ஓடுகிறது கதை, ஒரு வசனம் விடவில்லை. பதினெட்டு. ஆறு கட்டம். ஆள் அசைய முடியாது, வாய் திறக்காது, எல்லாம் மேகம் மாதிரி நினைவுப் பலூன்கள். ஐந்தாவது கட்டத்தில்தான் அந்த வசனம், "எந்தப் பனியும் ஒரு நாள் உருகியே தீரும்." அப்பா இறந்த அன்றும் பட்டறையில் தீப்பிடித்த அன்றும் நான் எனக்குள் சொல்லிக்கொண்டது. சரி, ஆறாவது கட்டம். ஆறாவது கட்டம். பாதரசனின் அரை முகம் தெரிகிறது, ஓர் உறைந்த கண். அப்புறம் ஒரு வெள்ளை நூல்.

பனிமலைக்குள் நூல் எங்கிருந்து வந்தது? மறுபடி பதினேழிலிருந்து ஓட்டினேன். பொறி, குழாய், குளம், பதினெட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, உருகியே தீரும், அரை முகம், நூல். அவனைக் கட்டிப்போட்டிருந்தார்களா? உறைந்த ஆளை எதற்குக் கட்ட வேண்டும்? முதல் பக்கத்திலிருந்து வேகமாக ஓடிவந்து அந்த வேகத்தில் தாண்டிப் பார்த்தேன், பத்தொன்பதுக்கு ஒழுங்காகப் போய்விட முடிகிறது, திரும்பிப் பார்த்தால் நூல். பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்த் துருவல் மாதிரி நாக்கு அங்கேயே போகிறது. எனக்குக் கை கொஞ்சம் குளிர்ந்துவிட்டது, ஏசியாக இருக்கும். ஒரு கட்டத்தை மறப்பது ஒன்றும் குற்றமில்லை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஆனால் மறந்துபோனது இந்த ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்? தெரியாததைத்தானே மறந்தது என்கிறோம். பீரோ முழுக்க இப்படி நூல் தொங்கினால்? "கோமு, கூடைல துண்டுக்கு அடியில புத்தகம் ஒண்ணு இருக்கு, எடு" என்றேன். "இங்கயுமா?" என்றாள். "நாளைக்குக் கட்டுப் பிரிச்ச உடனே படிக்கக் கொண்டாந்தேன். இப்ப நீ படி, நான் கேக்குறேன்." கிறீச் நின்றுவிட்டது. கல்யாணமானதிலிருந்து நான் அவளிடம் கேட்காத ஒன்று அது.

அவள் கையில் எடுத்த பிரதி தனிப் பிரதி. மூன்று மாதத்துக்கு முன்னால் தாராபுரம் நண்பர் ஒருவர் என்னிடம் இரட்டையாக இருந்த இரண்டு புத்தகங்களை வாங்கிக்கொண்டு மாற்றாகக் கொடுத்தது, ஸ்டேப்ளர் பின்கூடத் துருவேறாதது. சிவப்பு வால்யூமைக் கூடையில் தூக்கிவர முடியாது என்று இதைக் கொண்டுவந்தேன். வந்த அன்றே இதை ஒரு முறை படித்தும் முடித்திருந்தேன், புகைக் கண்ணோடு, பக்கம் பக்கமாகத் திருப்பி. படித்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். "விரல எச்சில் பண்ணாத" என்றேன். "தெரியும், படிக்கட்டா வேண்டாமா?" என்று ஆரம்பித்தாள். ஐயோ, அந்தப் படிப்பு. காமிக்ஸ் படித்துப் பழகாதவர்களுக்கு எந்தப் பலூனை முதலில் படிக்க வேண்டும் என்றே தெரியாது என்பது எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவேயில்லை, நடக்கத் தெரியாத மனிதர்கள் இருக்கிறார்கள் என்கிற மாதிரி. "நானும் உங்களோடு வருகிறேன். வேண்டாம், அங்கே ஆபத்து. நான் மலைக்குப் போகிறேன்" என்று தலைகீழாக வாசித்தாள். போகிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே வருகிறேன் என்கிறான் உதவியாளன். வெடிச் சத்தத்தை "டமார்" என்று, வெண்டைக்காய் வாங்கு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "இடமிருந்து வலம், கோமு. ஒரே கட்டத்துக்குள்ள யார் பலூன் ஒசரத்துல இருக்கோ அவன் முதல்ல பேசுதான். பெட்டிக்குள்ள இருந்தா அது கதை சொல்லுறவன். மேகமா இருந்தா மனசுக்குள்ள நெனைக்கிறது." "இவ்வளவு சட்டமா? பரவால்ல, ரேஷன் கார்டு விண்ணப்பத்தவிட லேசாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்றாவது சொட்டு விழுந்தபோது பாதரசன் மலையில் பாதி ஏறியிருந்தான். கோமுவுக்குப் பிடிபட்டுவிட்டது. பனிமண்டையனுக்குத் தனியாக ஒரு குரல் வைத்துக்கொண்டாள், அது அசல் எங்கள் தெரு வீட்டு உரிமையாளர் குரல். நான் அவளுக்கு அரை வரி முன்னாலேயே ஒவ்வொரு வசனத்தையும் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், ஒரு சொல் பிசகவில்லை, நெஞ்சு மறுபடி நிமிர்ந்துகொண்டது. மறுபக்கத்து நாற்காலியில் இடது கண்ணில் பிளாஸ்திரி வாங்கிய விளாத்திகுளத்துக்காரர் ஒருவர், மிளகாய் பயிரிடுகிற சம்சாரி, இவ்வளவு நேரம் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தவர், முருகாவை நிறுத்திவிட்டார். "அண்ணாச்சி, கதவுதான் பூட்டியிருக்கே, இந்தாளு எப்பிடி உள்ள போவான்?" என்றார். "சாவித்துவாரம் வழியா" என்றேன். "உடம்போடவா?" "பாதரசம், அண்ணாச்சி. வழிஞ்சு போயிருவான்." "அட" என்று சொல்லிவிட்டு, "நம்ம உரமூட்டை கோடவுனுக்கு இப்பிடி ஒருத்தன் வந்தா வெளங்கிரும்" என்றார். கோமு சிரித்தாள். அவள் சிரித்தபோது புத்தகம் அதிர்ந்து பக்கங்கள் சலசலத்தன, எனக்குப் பிடித்த சத்தம். இவள் இப்படிப் படிப்பாள் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டு வருஷத்தையும் நான் வெள்ளைப் பலூன்களைப் பார்த்துக்கொண்டு வீணாக்கியிருக்க மாட்டேன். கேட்டிருக்கலாம். எனக்கா, கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

பதினேழில் குழாய் சீறியது. விளாத்திகுளத்துக்காரர் "அடப்பாவி" என்றார். கோமு பக்கம் திருப்பினாள். "இதுல யாருமே பேசல, எல்லாம் மேகம்." தெரியும், படி. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அவன் தன் விரலை அசைக்கப் பார்க்கிறான். ஐந்தாவது கட்டத்தை நானும் அவளும் சேர்ந்தே சொன்னோம், எந்தப் பனியும் ஒரு நாள் உருகியே தீரும், நான் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சிஸ்டரின் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்று போயிற்று. "திருப்பு" என்றேன். "இன்னும் ஒரு கட்டம் இருக்குல்ல." "அதுல ஒண்ணும் கெடையாது. வெறும் மூஞ்சிதான்." "இல்லங்க, ஓரத்துல சின்னதா மேகம் இருக்கு." "இருக்காது." "எங்கிட்ட புத்தகம் இருக்கு, உங்ககிட்டயா இருக்கு? 'ஆனாலும்'னு போட்டு மூணு புள்ளி வச்சிருக்கான்." ஆனாலும் என்று ஒரு சொல் அந்தப் புத்தகத்தில் அந்த இடத்தில் இல்லவே இல்லை. "அப்புறம்?" என்றேன். கோமு எந்தக் குரலும் வைத்துக்கொள்ளாமல் வாசித்தாள். "எனக்குப் பயமாக இருக்கிறது."

சிஸ்டர் சொன்னதை மீறிக் கண்ணைத் திறந்தேன். விரிந்த பாப்பாவுக்குள் ஜன்னல் வெளிச்சம் மொத்தமாக வந்து விழுந்தது, கோமு ஒரு வெள்ளை, புத்தகம் ஒரு வெள்ளை. கையை நீட்டி அவள் விரலைப் பிடித்து, அந்த மேகம் இருக்கிற இடத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். என் விரல் அவள் நகத்தைத் தாண்டி நகர்ந்தது, தாளின் உள் ஓரம், அதற்கப்புறம் மடிப்பு, ஸ்டேப்ளர் பின்னின் மடங்கிய முனை. எனக்கு என் வால்யூமைத் தடவியே தெரியும். என் வால்யூமில் இந்த இடத்துக்கு விரல் போகவே போகாது, தங்கமாரி பக்கவாட்டில் ஊசி இறக்கித் தைத்த தையல் இதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே வந்துவிடும். நூல். பனிமலைக்குள் வந்த வெள்ளை நூல் அதுதான். கடைசிக் கட்டத்தின் வலது பாதியைத் தையலுக்குள் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த அரை முகத்தைத்தான் நான் ஊர் ஊராகப் பந்தயம் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். பைண்ட் செய்து நாற்பது வருஷம், அதற்கு முன்னால் அவசரமாகப் படித்தபோது இந்தப் பொடி மேகம் கண்ணில் பட்டதே இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் உருகியே தீரும் என்று நெஞ்சை நிமிர்த்தி, அவன் வாயை நூலால் தைத்து, பக்கத்தைத் திருப்பிவிட்டிருக்கிறேன். இது தெரிந்தவர்கள் தனிப் பிரதி வைத்திருப்பவர்கள் மட்டும்தான், அவர்களோ பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஆபரேஷனுக்குப் பயந்தேன். ஐப்பசி மழைக்கும் ஆடி மாதத்துக்கும் பயந்தேன், நூற்றில் ஒன்று என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அந்த ஒன்று என் பக்கத்தில் படுக்காமல் இருந்ததில்லை. இரண்டு கண் இருக்கிறவனுக்கே பயம் வரும்போது ஒற்றைக் கண்ணனுக்கு வராமல் எங்கே போகும்?

மனப்பாடமாவது மண்ணாவது. நான் உள்ளே வைத்திருப்பது பைண்டர் விட்டுவைத்தது மட்டும்தான். ஐந்து வால்யூம், ஒவ்வொன்றிலும் எத்தனை பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் உள் ஓரத்திலும் ஒரு விரற்கடை, அதற்குள் யார் யார் என்னென்ன சொல்லிக்கொண்டு கிடக்கிறார்களோ. மேயர் எதற்காக எப்போதும் பாதியில் பேச்சை நிறுத்துகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பதினொன்றாம் புத்தகத்தில் அந்தக் கலங்கரை விளக்கக்காரியின் முகம் ஏன் ஓரமாகத் திரும்பியிருக்கிறது, அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள்? வீட்டுக்குப் போனதும் தையலைப் பிரிக்க வேண்டும், பிளேடு வேண்டாம், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி போதும், ஒவ்வொரு முடிச்சாக, காயிலைப் பிரிப்பதை விடவா கஷ்டம்? பிரித்தால் ஒரு பீரோ நிறைய நான் படிக்காத புத்தகம். இதைப் படிக்காமல் போக முடியாது. உள்ளே உட்கார்ந்து படித்துக்கொள்வேன் என்று யாரோ ஒரு மடையன் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தான், உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் தாளில் இருக்கிறது. எனக்கு இந்தக் கண் வேண்டும். வேண்டும் என்று இவ்வளவு பச்சையாக நான் எதையும் கேட்டதில்லை. "கோமு" என்றேன். "ம்." "பயமா இருக்கு." வயர்கூடை கிறீச்சிட்டது, அதைக் கீழே வைத்துவிட்டாள். "அதத்தான வந்த உடனே கேட்டேன்" என்று சொல்லி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொன்ன பிறகு பார்த்தால், அதில் அப்படியொன்றும் கேவலம் இல்லை. பாதரசனுக்கே இருந்திருக்கிறது.

"வெயிலுமுத்து ஐயா, வாங்க." சிஸ்டர் என் தோளைத் தொட்டுக் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா விரிஞ்சிருச்சு. எந்திரிங்க, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்." எழுந்தேன். கால் உறுதியாகத்தான் இருந்தது, அங்கியின் நாடாவைக் கோமு ஒரு தடவை இழுத்து இறுக்கினாள். விளாத்திகுளத்துக்காரர் என் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பாதியில போறீகளே. அந்தாளு வெளிய வந்தானா இல்லியா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க." பத்தொன்பதாம் பக்கம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கைதட்டு வாங்கியிருப்பேன். "தெரியல அண்ணாச்சி" என்றேன். "வந்து படிச்சுட்டுச் சொல்லுதேன்." கோமு பின்னாலேயே எழுந்து வந்தாள். "அப்ப இது எந்தப் பக்கம்னு எப்பிடி ஞாபகம் வைக்க? பஸ் டிக்கெட்ட உள்ள வைக்கட்டா?" "டிக்கெட்டு விழுந்துரும்" என்றேன். "மூலைய மடிச்சு வை." கண்ணை மூடியிருந்தாலும் அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது. "மடிக்கவா? இந்தப் புத்தகத்தையா?" "நல்லா அழுத்தி மடி" என்றேன். பழைய தாள் மடியும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். அது காதில் விழும்வரை நின்று கேட்டுவிட்டு, சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.